ஒரு பக்கம் மட்டும் பூட்டிய ஜீப்

'எனக்குத் தெரியாது' என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது என் இருபத்தொன்பதாவது வயதில். சொன்ன இடம் அவுஸ்திரேலியாவின் வடக்குக் காட்டில் ஓர் ஆற்றின் நடு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். கேட்டிருக்கக்கூடிய இன்னொன்று தண்ணீருக்குள் எங்கேயோ இருந்தது.

அதுவரை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் திமிர் என்று நினைக்க வேண்டாம். (திமிரும் கொஞ்சம் இருந்தது.) எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பா நாலாம் வகுப்பு. அம்மா ஐந்தாம் வகுப்பு. அந்த ஒரு வகுப்பு வித்தியாசத்தை அம்மா அப்பாவுக்கு ஒரு நாளும் மறக்க விட்டதில்லை. கனடாவுக்கு வந்து மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்த காலத்தில், வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது ஒன்பது வயதான என்னுடைய உத்தியோகம். அம்மா தையல் ஆலையிலிருந்தும் அப்பா உணவகச் சமையலறையிலிருந்தும் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"விளங்குதோ தம்பி?"

"ஓம்."

பாதி விளங்காது. ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை என்று வந்த கடிதத்தைப் பேன் பரிசோதனை என்று மொழிபெயர்த்தேன். அடுத்த கிழமை பல் வைத்தியரின் முன்னால் மொட்டைத் தலையோடு வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. (அவருக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகவும்.)

பிறகு இயந்திரப் பொறியியல் படித்து முடித்தேன். நிலைமை இன்னும் மோசமானது. என் வேலை, பெரிய கட்டடங்களுக்குள் காற்றுப் போய்வரும் தகரக் குழாய்களைக் கணினியில் வரைவது. எங்கள் ஆட்களுக்கு அந்த விபரம் அநாவசியம். இஞ்சினியர் என்றால் இஞ்சின் தெரிந்தவன். மிக்ஸி, தையல் மெஷின், பக்கத்து வீட்டு மாமாவின் காரிலிருந்து விழுந்த சைலன்சர், எல்லாம் நாங்கள் பிறகு குடிபோன பியர்பொன்ட்ஸ் வீட்டுக் கராஜுக்கு வந்து சேர்ந்தன.

"தம்பி, உது உமக்குத் தெரியும்தானே?"

"ஓம் மாமா."

கழற்றுவேன். திரும்பப் பூட்டுவேன். இரண்டு ஆணி மிஞ்சும். மிஞ்சிய ஆணிகளை ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டு வைத்தேன். போத்தல் நிரம்பிய வருஷம் எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார்கள்.

பெண்ணின் பெயர் துஷாந்தி. எல்லோருக்கும் துஷி. அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில் கேர்ன்ஸ் என்ற ஊரில் தாதி. காட்டுப்புறக் கிராமங்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு போய் மருந்து கொடுத்துவிட்டு வருகிற தாதி. லீவு கிடைத்தால் மறுபடியும் ஜீப் எடுத்துக்கொண்டு அதே காட்டுக்குப் போவாள், இந்தமுறை கூடாரத்தோடு. இதை அவளுடைய தாயார் தொலைபேசியில் என் அம்மாவிடம் கொஞ்சம் கவலையோடுதான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்ற கவலை.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்கட தம்பியும் அப்பிடித்தான். சனி ஞாயிறு எண்டா வீட்டில நிக்கமாட்டான். காட்டுக்குள்ளதான் படுக்கை."

நான் சோபாவில் படுத்திருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

என் காட்டு அனுபவத்தை முழுதாகவே சொல்லிவிடுகிறேன். அலுவலக நண்பர்கள் ஒருமுறை மொன்றியலுக்கு வடக்கே ஒரு ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜூன் மாதம். காரை விட்டு இறங்கியதும் கறுப்பு ஈக்கள் மொய்த்தன. திரும்பக் காருக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டை ஒரு நண்பன் கண்ணாடி இடுக்கால் உள்ளே தள்ளினான். அவ்வளவுதான்.

துஷியும் நானும் நாலு மாதம் வீடியோவில் கதைத்தோம். எனக்கு மாலை ஆறு மணி என்றால் அவளுக்கு மறுநாள் காலை. எப்போதும் என்னைவிட ஒரு நாள் முன்னால் இருந்தாள். அது நேர வித்தியாசம் மட்டும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. இரண்டாவது கிழமையே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அங்கேதான் ஆபத்துத் தொடங்கியது. பிடிக்காத ஆளிடம் தெரியாது என்று சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை.

"ஃபோர் வீல் ஜீப் ஓடியிருக்கிறீங்களோ?"

"ஓம், கொஞ்சம்."

"ஆறு கடந்திருக்கிறீங்களோ?"

"ஓம்." (வேலைக்குப் போகும்போது தினமும் ஓர் ஆற்றைக் கடக்கிறேன். பாலத்தால்.)

"அப்ப ஜூலைக் கடைசியில வாங்கோ. அண்ணையும் அண்ணியும் நானும் வடக்கு முனைக்கு ஒரு கிழமை கேம்பிங் போறம். வந்து நில்லுங்கோ. திரும்பி வந்தாப் பிறகு என்ர முடிவைச் சொல்லுறன்."

அதாவது, முடிவு அந்த ஒரு கிழமையில் இருந்தது. நான் சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். புத்தகத்தால் படிக்க முடியாதது ஒன்றும் இல்லை என்பது எங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்த மதம். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் இருந்து மணலில் ஓட்டுவது, சேற்றில் ஓட்டுவது, தண்ணீரில் ஓட்டுவது என்று ஐம்பத்திரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். நாலு நிறத்தில் கோடு போட்டேன். முதலைக்குத் தனி அதிகாரம். மழையில் நனையக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்தையும் லாமினேட் செய்தேன். நானே எனக்குக் கேள்வித்தாள் தயாரித்து நானே திருத்தித் தொண்ணூற்றுமூன்று புள்ளி எடுத்தேன். அந்த ஏழு புள்ளியை ஏன் குறைத்தேன் என்று இன்றும் நினைவில்லை, அடக்கமாக இருக்கலாம்.

புறப்படுகிற அன்று அம்மா பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தமுறை ஆடி அமாவாசை உனக்கு அங்கதான் வருது. மறந்திடாத."

அப்பா இறந்து அப்போது நாலு வருஷம். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசையில் விரதம் இருப்பார்கள். ஓடுகிற தண்ணீரில் தலை முழுகி, மரக்கறி சமைத்து, முதல் பங்கைக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். மொன்றியலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வைத்தால் காகம் வருவதற்குள் அணில் வந்துவிடும். (பூனையளவு அணில்.) முதல் வருஷம் அம்மா விளக்குமாற்றோடு காவல் நின்றார். இரண்டாம் வருஷம், "அணிலும் ஒரு சீவன்தானே" என்று விட்டுவிட்டார். ஆனால் நான் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அப்பாவுக்கு நான் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் மிச்சம்.

கேர்ன்ஸில் துஷியை நேரில் கண்டேன். வீடியோவில் தெரிந்ததைவிட உயரம். அவளுடைய தமையன் ரமணன் அண்ணை நல்ல பருமனான ஆள், எதையும் முகம் மாறாமல் சொல்லுவார். அவருடைய மனைவி வதனி அக்கா எல்லாவற்றுக்கும் முருகனைக் கூப்பிடுவார். துஷியின் ஜீப் ஒரு பழைய டீசல் வண்டி.

"இஞ்சினியர் வந்திட்டார், இனி ஜீப்புக்குப் பயமில்லை" என்றார் ரமணன் அண்ணை.

முதல் நாள் செம்மண் வீதியில் என் குறிப்பில் ஒரு பக்கத்தை எடுத்துச் சில்லு டயர்களின் காற்று அளவைப் பார்க்க முயன்றேன். கண்ணாடி திறந்திருந்தது. லாமினேட் செய்த தாள் மழைக்கு நனையாது என்பது உண்மை. காற்றுக்கு எவ்வளவு நன்றாகப் பறக்கும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒன்றைப் பிடிக்கப்போய் மடியிலிருந்த கட்டே போயிற்று. துஷி ஜீப்பை நிறுத்தினாள். காட்டில் குப்பை போடக் கூடாது. ஆளுயரக் கறையான் புற்றுகளுக்கு இடையில் நாலு பேரும் ஒரு மணித்தியாலம் நடந்து ஐம்பத்தொரு பக்கத்தைப் பொறுக்கினோம். வதனி அக்கா ஒரு பக்கத்தைத் தூக்கி வாசித்தார்.

"'முதலை துரத்தினால் வளைந்து ஓடக் கூடாது.' தம்பி, உதை எழுதேக்க நீர் ஓடிப் பார்த்தனீரோ?"

மூன்றாம் நாள் அமாவாசை. ஓர் ஆற்றங்கரையில், தண்ணீரிலிருந்து நல்ல தூரத்தில், கூடாரம் போட்டிருந்தோம். கரையில் முதலை வாயைத் திறந்த படம் போட்ட மஞ்சள் பலகை. எங்களைத் தவிர ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும். இருவருக்கும் எழுபது இருக்கும். அவர் சப்பாத்துப் போடாமல் பெரிய தொப்பி மட்டும் போட்டிருந்தார்.

துஷி எனக்கு இரண்டே விதி சொன்னாள். "தண்ணிக்குக் கிட்டப் போகாதேங்கோ. சாப்பாட்டுச் சாமான் கரையில வைக்காதேங்கோ. வைச்சா அது மணத்துக்கு வரும், பேந்து அந்த இடத்தையே விடாது. விளங்குதோ?"

"ஓம்." இது உண்மையாகவே விளங்கியது. முதலை அதிகாரம், மூன்றாம் பக்கம்.

காலையில் வாளித் தண்ணீரில் குளித்தேன். ஓடுகிற தண்ணீர் இல்லைதான். அப்பா மன்னிப்பார் என்று நினைத்தேன். சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய் எல்லாம் நானே வைத்தேன். கேர்ன்ஸிலிருந்து வதனி அக்கா சுருட்டிக்கொண்டு வந்த வாழை இலையில் படைத்து, கூடாரத்துக்குப் பக்கத்திலிருந்த பாறையில் வைத்தேன்.

அந்த இரண்டு நாளும் காகங்கள் எங்களை வாழவிடவில்லை. சாப்பிட வைத்த பாணைத் தூக்கின. ரமணன் அண்ணையின் ஒற்றைச் சொக்ஸைத் தூக்கின. அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது. மற்ற மூவரும் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் கண்ணை மூடினார்கள். பதினான்கு மணித்தியாலம் வெறும் வயிறு. பூசணிக்காயின் வாசம் வேறு.

அப்போதுதான் ஆற்றின் அக்கரையிலிருந்து கேட்டது. "கா."

படித்த மூளை வேலை செய்தது. காகம் அங்கே. சோறு இங்கே. இடைத்தூரம்தான் பிரச்சினை. இலையைத் தூக்கிப் பத்து அடி முன்னால் வைத்தேன். வரவில்லை. இன்னும் பத்து அடி. கரையோரத்து மரத்தடியில் வைத்தேன். வரவில்லை. கடைசியில் தண்ணீர் தொட்டுக்கொண்டு போகும் ஒரு தட்டைக் கல்லில் வைத்துவிட்டுக் குந்திக்கொண்டு அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்டேன். முதலில் மெதுவாக. பிறகு ஊரில் கூப்பிடுகிற மாதிரியே, தொண்டை திறந்து.

"கா... கா... கா..."

தொப்பிக்காரரும் மனைவியும் கதிரையிலிருந்து எழும்பி நின்று என்னைப் பார்த்தார்கள். நான் கையை ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். அது வணக்கம் இல்லை, ஓடி வா என்ற சைகை என்பது எனக்குப் புரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் துஷியின் குரல். மிகவும் அமைதியான குரல். நோயாளிக்கு ஊசி போடுமுன் தாதிமார் வைத்திருக்கும் குரல்.

"என்ன செய்யிறீங்கள்?"

"அப்பாவுக்குச் சோறு வைக்கிறன்."

"சரி. இப்ப எழும்பி, அப்பிடியே பின்னுக்கு வாங்கோ."

"இலையை..."

"இலையை விடுங்கோ. உங்களுக்கு முன்னால மிதக்கிற மரக்கட்டை தெரியுதோ?"

"ஓம்."

"அது நீங்கள் 'கா' எண்ட நேரம் அக்கரையில இருந்தது."

நான் பின்னுக்கு வந்தேன். வளைந்து ஓடினேனா நேராக ஓடினேனா என்று தெரியாது. வதனி அக்கா பொறுக்கி வாசித்த அந்தப் பக்கம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

துஷி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பிக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். கரையில் உணவு வைத்தாயிற்று, முதலையும் வந்தாயிற்று, இனி அந்த இடத்தில் யாரும் படுக்க முடியாது. வயதான அந்த இருவரும் தங்கள் கூடாரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். நான் உதவப் போனேன். கூடாரக் கம்பியை எதிர்ப்பக்கமாக மடித்தேன். அவர் அன்பாக என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குக் கடக்கிற ஆத்தை இண்டைக்கே கடப்பம்" என்றார் ரமணன் அண்ணை. "அக்கரையில மேட்டில படுக்கலாம். சோறு போட்டவரும் எங்களோடதானே வாறார்."

சாமான்களை ஏற்றினோம். துஷி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி இருந்தபடி, "முன்சில்லு ரெண்டையும் பூட்டிவிடுங்கோவன்" என்றாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தப் பழைய ஜீப்பில் முன்சில்லு இரண்டின் நடுவிலும் ஒரு சின்ன வட்டத் திருகு இருக்கும். இறங்கிப் போய் இரண்டையும் கையால் திருப்பிப் பூட்டினால்தான் இஞ்சினின் இழுவை முன்சில்லுகளுக்குப் போகும். பூட்டாவிட்டால் பின்சில்லு மட்டும்தான் இழுக்கும். நாலு மாதத்தில் அவள் என்னிடம் ஒப்படைத்த முதல் வேலை இது. காலையில் நடந்ததற்கு நான் செய்யக்கூடிய ஒரே பரிகாரம்.

வலது பக்கம் சுலபமாகத் திரும்பியது. இடது பக்கம் அசையவில்லை. செம்மண் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் முறுக்கினேன். சேட்டு நுனியால் சுற்றிப் பிடித்து முறுக்கினேன். விரல் தோல் உரிந்தது. ஜீப்புக்குள் மூவரும் காத்திருந்தார்கள். 'இது திரும்பவில்லை, எப்படி என்று தெரியவில்லை' என்று சொல்ல ஐந்து நொடி போதும். ஆனால் காலையில்தான் ஒரு முதலையை அழைத்தவன் மத்தியானம் ஒரு திருகைத் திருப்பத் தெரியாமல் நிற்பதா? இரண்டில் ஒன்று பூட்டியாயிற்று. ஐம்பது வீதம். எந்தச் சோதனையிலும் அது பாஸ்.

ஏறி உட்கார்ந்தேன்.

"பூட்டியாச்சோ?"

"ஓம்."

ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் இழுவையெல்லாம் பூட்டாத பக்கத்துக்குப் போய் வீணாகச் சுழலும், பூட்டிய பக்கத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. ஐம்பது வீதம் என்று ஒன்று அங்கே இல்லை, பூச்சியம்தான். இது இயந்திரப் பொறியியலில் மூன்றாம் வருஷப் பாடம். அந்தப் பாடத்தில் நான் வகுப்பில் இரண்டாவது.

ஆற்றில் இறங்கினோம். பத்து மீற்றர் நன்றாகப் போனது. தண்ணீர் கதவின் நடுப்பகுதிக்கு வந்தது. பிறகு பின்சில்லு மணலில் சுழன்றது. ஜீப் நின்றது. துஷி இரண்டு முறை முயன்றாள். ஒவ்வொரு முறையும் பின்பக்கம் கொஞ்சம் கீழே போனது. என் காலடியில் தண்ணீர் வந்தது.

"முருகா" என்றார் வதனி அக்கா.

"இப்பிடி நிக்கக் கூடாதே" என்றாள் துஷி. "முன்சில்லு இழுக்குதேயில்லை." அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பக்கமும் பூட்டினீங்கள்தானே?"

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. வாய் பழக்கப்படி 'ஓ' என்று தொடங்கியும்விட்டது. அப்போது தண்ணீரைப் பார்த்தேன். முதலை தெரியவில்லை. தெரிந்தபோது இருந்த பயத்தைவிடத் தெரியாதபோது வந்த பயம் பெரிது.

"ஒரு பக்கம்தான்" என்றேன். "மற்றது திரும்பேல்லை. எப்பிடித் திருப்புறதெண்டு எனக்குத் தெரியாது."

சொன்னதும் அணை உடைந்தது. நிறுத்த முடியவில்லை. ஃபோர் வீல் ஓடியதே இல்லை, கியர் வண்டியே ஓடத் தெரியாது, கூடாரத்தில் படுத்தது இந்த இரண்டு இரவு மட்டும்தான், கறுப்பு ஈ, கார்க் கண்ணாடி, இடுக்கால் வந்த சாண்ட்விச், ஜாம் போத்தல், கடைசியாக மொட்டைத் தலையோடு பல் வைத்தியர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.



"ஜாம் போத்தல் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் ரமணன் அண்ணை.

துஷி ஜீப்பிலிருந்த பேச்சு ரேடியோவை எடுத்துத் தொப்பிக்காரரைக் கூப்பிட்டாள். எங்களால் கூடாரம் கழற்றிய அதே மனிதர், ஏன் எதற்கு என்று கேட்காமல், தன் ஜீப்பைக் கரைக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தை ஆற்றுக்குத் திருப்பி நிறுத்தினார். இழுவைக் கயிற்றை எறிவார். அதை எங்கள் ஜீப்பின் பின்பக்கக் கொளுக்கியில் மாட்ட வேண்டும். கொளுக்கி தண்ணீருக்குள் ஒன்றரை அடி ஆழத்தில். துஷி ஸ்டியரிங்கை விட முடியாது.

"நான் ஏறினா கூரை இறங்கும்" என்றார் ரமணன் அண்ணை.

"நான் போறன்" என்றேன்.

"தெரியுமோ?" என்றாள் துஷி.

"தெரியாது. சொல்லுங்கோ, செய்யிறன்."

அவள் சொன்னாள். ஜன்னலால் வெளியே ஏறி, கூரையில் தவழ்ந்து, பின் ஏணியில் ஒரு கையால் தொங்கினேன். கயிறு நாலாவது எறியில் கைக்கு வந்தது. (முதல் மூன்றும் பிழை என்னுடையது.) முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுத் தடவினேன். விரலில் ஏதாவது முட்டினால் அது கொளுக்கியா என்று யோசிக்க நேரம் இருக்காது. முட்டியது. கொளுக்கிதான். மாட்டினேன். "மாட்டியாச்சு" என்று கத்திப் பெருமையோடு கையை உயர்த்தினேன். ஏணியைப் பிடித்திருந்ததும் அந்தக் கைதான் என்பதை மறந்துவிட்டேன்.

தலைகீழாக விழுந்தேன். முழுதாக மூழ்கினேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் அங்கே நெஞ்சளவுதான் தண்ணீர். கூரைக்கு நான் திரும்பிய வேகத்தை ரமணன் அண்ணை இப்படிச் சொல்வார்: "விழுந்ததைக் கண்டனான். ஏறினதைக் காணேல்லை. கண்ணை மூடித் திறக்க ஆள் மேல நிக்கிறார்."

தொப்பிக்காரரின் ஜீப் இழுத்தது. நாங்கள் அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி, பிறகு ஒரேயடியாக, கரைக்கு வந்து சேர்ந்தோம். நான் கூரையிலிருந்து இறங்கினேன்.  வதனி அக்காதான் முதலில் கண்டார்.

"அங்க பாருங்கோ."

தட்டைக் கல்லில், வாழை இலையில், ஒரு காகம். பூசணிக்காயை முடித்துவிட்டுப் பருப்பில் நின்றது.

"இவ்வளவு நேரமும் எங்கயோ மரத்தில இருந்து படம் பார்த்திருக்கிறார்" என்றார் ரமணன் அண்ணை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்தபடியால் யாருக்கும் தெரியவில்லை. ஓடுகிற தண்ணீரில் தலை முழுகியாயிற்று. காகமும் எடுத்தாயிற்று. அப்பாவின் நாள் அந்த வருஷம்தான் முறைப்படி நடந்தது.

தொப்பிக்காரர் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டு, இருபது வருஷமாக இந்தப் பக்கம் வருகிறோம், இப்படி ஒரு பின்னேரம் கிடைத்ததில்லை என்றார்கள். நாங்கள் எல்லோருமாக மூன்று கிலோமீற்றர் தள்ளி மேட்டுக்குப் போனோம். துஷி ஒரு சுத்தியலால் இடது சில்லின் திருகைச் சுற்றி மெதுவாக நாலு தட்டுத் தட்டித் திருப்பினாள். திரும்பியது. எனக்கு ஆறிய சோறும் பருப்பும் போட்டுத் தந்துவிட்டு எதிரே குந்தினாள்.

"நாலு மாசமாக் கேட்ட கேள்வியளைத் திரும்பக் கேக்கப் போறன். காடு விருப்பமோ?"

"இல்லை."

"மீன் பிடிக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"நான் அனுப்பின சூப் ரெசிப்பியைச் செய்து பாத்தனீங்களோ?"

"இல்லை. கடையில வாங்கிப் படம் எடுத்து அனுப்பினனான்."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"உங்களைப் பிடிச்சிருக்கு. அதுதான்."

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"அது ஒரு பக்கமோ, ரெண்டு பக்கமுமோ?"

"என்ர பக்கம் பூட்டியாச்சு" என்றேன். "மற்றது எனக்குத் தெரியாது."

துஷி சுத்தியலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "மற்றதும் பூட்டியாச்சு" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும் அம்மா கேட்டார்: "ஓடுற தண்ணியில முழுகினனியோ?" ஓம். "காகம் எடுத்ததோ?" ஓம். "பிள்ளை என்ன சொன்னது?" ஓம் என்று சொன்னது. மூன்றும் உண்மையாக இருந்ததில் எனக்கு நெஞ்சு லேசாகிப்போனது. முதலையைப் பற்றி அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைக் கலியாணத்துக்கு வந்த ரமணன் அண்ணை சொன்னார், நடித்தும் காட்டினார்.

அந்தக் கலியாணம் மொன்றியலில் நடந்தது. பதிவு செய்ய வந்த அம்மையார் பிரெஞ்சில் சம்மதமா என்று கேட்டார். நான் சம்மதம் என்று சொல்லி வாயை மூடவில்லை, பின்வரிசையிலிருந்து ரமணன் அண்ணையின் குரல் வந்தது.

"ரெண்டு பக்கமுமோ?"

அன்று தொடங்கியதுதான். அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால், கதவைப் பூட்டிவிட்டேன் என்றால், கேள்வி ஒன்றுதான். அம்மாவும் பழகிவிட்டார். போன நவம்பரில் காருக்குப் பனிக்காலச் சில்லுகளை மாற்றிவிட்டுக் கராஜிலிருந்து மேலே வந்தேன். சமையலறையில் மாமியும் மருமகளும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாத்தியாச்சோ தம்பி?"

"ஓம் அம்மா."

அம்மா கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ரெண்டு பக்கமுமோ?"

 திரும்பக் கீழே இறங்கிப் போனேன். இடது முன்சில்லின் நட்டுகள் ஐந்தையும் கையால் மட்டும்தான் பூட்டியிருந்தேன். திருகுச் சாவியைப் போட்டு இறுக்கினேன். எண்ணிப் பார்த்தேன். ஜாம் போத்தலுக்குள் போட எதுவும் மிஞ்சவில்லை. மேலே வந்தேன்.

"இப்பதான் ஓம்" என்றேன்.